நெஞ்சில் வைத்த கை

அன்றைக்கு அந்தக் கராஜுக்குள் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். கராஜ் நடத்துகிற நபீல். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த அவருடைய மனைவி மோனா அக்கா. கட்டிடத்தின் சொந்தக்காரர் வோல்டர். அவருடைய நாய் பிஸ்கட், ட்ரக்கின் முன்சீற்றில். பிறகு நான், சீவா, கை நிறைய நட்டுகளோடு.

இதை ஏன் இவ்வளவு கவனமாக எழுதுகிறேன் என்றால், பிறகு கதை கனடாவில் எங்கள் ஸ்காபரோ முழுக்கப் பரவி, நானும் நின்றேன், நானும் கண்டேன் என்று சொன்னவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றலாம். அவர்களில் ஒருவரும் நிற்கவில்லை. நாலு பேரும் ஒரு நாயும்.

நவம்பர் மாதக் கடைசி, எங்கள் கார்த்திகை. மழையும் இல்லை, ஸ்நோவும் இல்லை, ரெண்டும் கலந்து கொட்டுகிற நாள். வோல்டருடைய பழைய ட்ரக்குக்கு முன் பிரேக் முழுக்க மாற்றியிருந்தோம். துருப்பிடித்த போல்ட் ஒன்று கழலமாட்டேன் என்று நின்றது. நபீல் அரபியில் ஏசிப் பார்த்தார். நான் தமிழில் ஏசிப் பார்த்தேன். கடைசியில் நெருப்புப் பிடித்துத்தான் கழற்றினோம்.

வோல்டர் கையுறையைக் கழற்றிவிட்டுச் செக் புத்தகத்தை எடுத்தார்.

"எவ்வளவு, நபீல்?"

நபீல் கையைச் சீலைத் துண்டில் துடைத்தார். ஆறுதலாகத் துடைத்தார். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைக் கொஞ்சம் சரித்து, "உங்களிட்டைக் காசோ? விடுங்கோ," என்றார்.

"நிச்சயமா?"

"எங்களுக்குள்ள என்ன கணக்கு?"

வோல்டருடைய முகம் பூரித்துவிட்டது. "நீர் நல்ல மனுசன், நபீல்," என்று தோளில் தட்டினார். செக் புத்தகம் திரும்பப் பொக்கற்றுக்குள் போனது. ட்ரக்கில் ஏறினார். பிஸ்கட் ஒருமுறை குரைத்தது. போய்விட்டார்.

நபீல் அப்படியே நின்றார். கை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது.

கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த மோனா அக்கா திரும்பிப் பார்த்தார். "போயிட்டாரோ?"

"போயிட்டான்," என்றார் நபீல்.

அவர்கள் பேசினதும் நான் எழுதுவதும்

ஒன்று சொல்லவேண்டும். இவர்கள் பேசினது இங்கிலீசில். நபீலுடைய இங்கிலீஸ் ஒரு மாதிரி, வோல்டருடையது இன்னொரு மாதிரி, என்னுடையதைப் பற்றிப் பேசாமல் விடுவோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு விளங்கினதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். இங்கிலீசில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒரே சொல்லுத்தான். ஆருக்கு எவ்வளவு மரியாதை என்று பங்குபோட்டது என்னுடைய பொறுப்பு. குறைந்திருந்தால் மன்னிக்கவேண்டும்.

போன கிழமை இந்தப் பத்திரிகையில் நான் எழுதின பஸ் கதையை வாசித்துவிட்டு ஒரு அம்மா பத்திரிகைக்குப் போன் எடுத்து, "உந்தத் தம்பி எல்லாத்துக்கும் பயப்பிடுறாரே, உடம்புக்கு ஏதும் வருத்தமோ?" என்று விசாரித்தாராம். வருத்தம் ஒன்றும் இல்லை அம்மா. சிலருக்குச் சுருட்டைமுடி இருக்கிற மாதிரி எனக்குப் பயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கார்த்திகையில் என் பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. என் மனுசி யோகா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். அவளைக் கனடாவுக்கு எடுக்க நான் ஸ்பொன்சர் போட்டிருந்தேன். நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி வை, தை மாதம் கேட்பார்கள் என்று பத்திரம் நிரப்பித் தந்தவர் சொல்லியிருந்தார். அந்த வேலை நபீலுடைய கராஜ். அந்தக் கராஜ் வோல்டருடைய கட்டிடத்தில். லீஸ் டிசம்பரோடு முடிகிறது.

வோல்டர் போய், நபீல் கையை இறக்காமல் நின்ற அந்த நேரத்தில், எனக்கு யோகாவின் முகம்தான் முன்னால் வந்தது.

சப்பாத்துக்குள் போன அட்டை

அந்த வேலைக்குப் போன முதல் கிழமையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக்கட்டிடத்தில் ஐந்து பேர் சேர்ந்து இருந்தோம். அதில் குணம் அண்ணை முந்தி வளைகுடாவில் நாலு வருசம் வேலை செய்தவர். அரபுக்காரர் ஒருவரின் கராஜில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழும்பினார்.

"அரபியிட்டையோ? உனக்கென்ன விசரோ? முதல் நாளே உன்ர பேப்பரையெல்லாம் வாங்கி மேசை லாச்சிக்குள்ள பூட்டிப்போடுவான். பிறகு நீ அவன்ர ஆள்."

"இது கனடா, அண்ணை."

"லாச்சி எல்லா நாட்டிலயும் ஒண்டுதான்."

நான் இரவு நித்திரை கொள்ளவில்லை. காலையில் என்னுடைய வேலை நம்பர் போட்ட அட்டை, பத்திரம் எல்லாவற்றையும் ஷொப்பிங் பாக்கில் சுற்றி, வலது சப்பாத்துக்குள் அடியில் வைத்துக் கட்டினேன். நாலு நாள் நொண்டி நொண்டி வேலை செய்தேன். நபீல் பார்த்துவிட்டுக் கால் ஊனம் என்று நினைத்து, குனிகிற வேலை எதையும் தரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் கூப்பிட்டார். "உன்ர அட்டையைக் கொண்டு வா."

குணம் அண்ணை சொன்னது சரி என்று நினைத்தேன். "துலைஞ்சுபோச்சு, பொஸ்."

"நம்பர் இல்லாமல் நான் எப்பிடிச் சம்பளச் செக் எழுதுறது?"

சம்பளம் என்றதும் காலில் இருந்த பாரம் வேறு மாதிரித் தெரிந்தது. கார் தூக்குகிற லிஃப்டுக்குப் பின்னால் போய்ச் சப்பாத்தைக் கழற்றினேன். அட்டை ஈரமாக இருந்தது. நபீல் அதை ரெண்டு விரலால் தூக்கி, மற்றக் கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஹீட்டருக்கு முன்னால் காயப்போட்டார். நம்பரை எழுதினார். திருப்பித் தந்தார்.

"அதுக்குள்ளேயே வைச்சிரு," என்றார். "களவெடுக்கிறவனும் திருப்பித் தந்திட்டுப் போவான்."

அன்றைக்கு மோனா அக்கா தந்த ரொட்டியில் பாதியைக் குணம் அண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "லாச்சி இருக்கோ?" என்று கேட்டார். "இருக்கு. அதுக்குள்ள ஸ்பானர் கிடக்குது," என்றேன்.

அல்பேர்ட்டாவில் எடுத்த படமோ?

நபீலைப் பற்றி நான் நினைத்தது பிழை என்றால், வோல்டர் நினைத்தது அதைவிடக் கூட.

நபீல் லெபனானில் ஒரு மலையூர்க்காரர். அப்பிள் விளைகிற ஊர். ஆனால் வோல்டருக்கு அரபுக்காரர் என்றால் மணலும் பெற்றோலும்தான். முதல் வின்ரரில் ஸ்நோ தள்ளுகிற சவளைக் கொண்டுவந்து, நபீலுக்கு முன்னால் நின்று, எப்படிப் பிடிக்கவேண்டும், முதுகை எப்படி வளைக்கவேண்டும் என்று செய்துகாட்டினார். "உமக்கு இது புதிசு. பயப்பிடாதையும்," என்றார். நபீல் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

அவர் போனபிறகு நபீல் சுவரிலிருந்த படத்தை எனக்குக் காட்டினார். கல்வீடுகள், கூரைமட்டத்துக்குப் பனி. "இது எங்கட வீடு. வெளிய வரச் சன்னலாலதான் வருவம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"பாவம், எவ்வளவு ஆசையாச் சொல்லித் தாறார்."

அந்தப் படத்தை வோல்டரும் பலதரம் பார்த்தவர்தான். "எங்கட அல்பேர்ட்டா மலையில எடுத்ததோ? வடிவாயிருக்கு," என்று கேட்டாராம்.

நபீல் மட்டும் என்ன? அவருக்கும் பிழையான நினைப்பில் ஒரு மூட்டை இருந்தது. "உந்த வெள்ளைக்காரருக்குத் தாய் தேப்பன் இல்லை. நாய்தான் எல்லாம்," என்பார். பிஸ்கட்டுக்குப் பிறந்தநாள் கொண்டாடினதைக் கேட்டபிறகு அந்தக் கதை இன்னும் கூடிவிட்டது.

ஒருமுறை வோல்டருடைய மனைவியின் கார் ஸ்ரார்ட் ஆகவில்லை என்று பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். குளிரில் நின்று வேலையை முடித்தோம். அந்த அம்மாவின் பெயர் ஜோன். உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அப்பிள் பை என்கிற பலகாரம் சுட்ட மணம் வீடு முழுக்க. சூடாக மேசையில் இருந்தது.

"பை கொஞ்சம் சாப்பிடுறியளோ?"

"வேண்டாம், நன்றி," என்றார் நபீல்.

"வேண்டாம்," என்றேன் நானும். காலையில் குடித்த தேத்தண்ணி தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவுடன் ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஊரிலும், எவ்வளவு பசியோடு ஒரு வீட்டுக்குப் போனாலும், "இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்றுதான் தொடங்கவேண்டும். வீட்டுக்காரர் பேசாமல் சாப்பாட்டுக் கோப்பையைப் போட்டு, "சும்மா இருங்கோ" என்று அதட்டவேண்டும்.

ஜோன் அதட்டவில்லை. "சரி," என்று சிரித்துவிட்டுப் பையை மூடிக் குசினிக்குள் கொண்டுபோய்விட்டார். எங்கள் ரெண்டுபேருடைய கண்ணும் அதன் பின்னாலேயே போனது.

திரும்பி வருகிறபோது 401 நெடுஞ்சாலையில் நபீல் ஹீட்டரைக் கூட்டினார். பிறகு, "ஒருக்காக் கேட்டா. ஒரேயொருக்கா," என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போய், "முன் அறையைப் பாத்தனியோ?" என்று கேட்டார்.

பார்த்தேன். ஜன்னலோரம் கதிரையில் மிகவும் வயது போன ஒரு அம்மா. வோல்டர் கீழே முழந்தாளில் இருந்து, தாயின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம், பொஸ்."

"ம்," என்றார். நாய்க் கதை அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது.

ரெக்ஸ்டேல்

பிரேக்குக்கு வருகிறேன்.

பாட்ஸும் வேலையும் சேர்த்து இருநூற்றி எண்பது டொலர். அதில் பாதிக்குமேல் நபீல் தன் கையால் கொடுத்து வாங்கின சாமான். ஆனால் அவரை வருத்தினது காசு இல்லை.

"ஒருக்காக் கேட்டான். பிறகு நிச்சயமோ எண்டான். அது கேள்வியோ? கடையைப் பூட்ட முதல் உள்ளுக்கை ஆரும் நிக்கினமோ எண்டு பாக்கிற மாதிரி."

"இருநூற்றி எண்பது எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாமே, பொஸ்?"

"கட்டிடத்துக்காரனிட்டையோ? நான் என்ன, மீன் விக்கிறனோ? முதல் சொல்லு மரியாதைக்கு. அவன் காசை என்ர பொக்கற்றுக்குள்ள திணிக்கவேணும். நான் எடுத்து அவன்ர பொக்கற்றுக்குள்ள திணிக்கவேணும். ரெண்டுபேற்ற சட்டையும் கிழியவேணும். பிறகு வாங்குவன்."

மோனா அக்கா, "கலியாணம் கேக்க வந்தண்டைக்கும் இவருக்கு ஒரு பொத்தான் போனது," என்றார். நபீல் சிரிக்கவில்லை.

நகரத்தின் மற்றப் பக்கத்தில், ரெக்ஸ்டேலில், அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு கராஜ் இருந்தது. வா, பங்குக்குச் செய்வோம் என்று கனநாளாகக் கேட்கிறானாம். அன்றைக்குப் பின்னேரம் நபீல் அவனுக்குப் போன் எடுத்தார். அரபியில் பேசினதில் எனக்கு விளங்கினது 'ரெக்ஸ்டேல்' என்ற ஒரு சொல்லுத்தான். அது போதும். அடுத்த நாள் ஸ்பானர்களை மட்டைப்பெட்டிகளில் அடுக்கச் சொன்னார். டிசம்பர் பிறந்தது. வாடகைச் செக் எழுதி லாச்சிக்குள் வைத்தாரே தவிர, வோல்டருக்குக் கொடுக்கவில்லை.

"நானும் ரெக்ஸ்டேலுக்கு வரலாமோ, பொஸ்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்கை அவன்ர ஆக்கள் ரெண்டுபேர் நிக்கினம்," என்றார்.

மூன்று தரம்

வேறு வழியில்லை. வோல்டர் வாகனம் விடுகிற இடத்தில் பனி உருக உப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மிஸ்டர் வோல்டர், அந்தப் பிரேக்..."

"முதல்தரமான பிரேக். தொட்டவுடன நிக்குது."

"பொஸ் காசு வேண்டாம் எண்டு சொன்னவர்..."

"ஓம். பெரிய மனசு. அதுக்கு என்ன திருப்பிச் செய்யலாம் எண்டு ஜோனும் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறம்."

"அது... அவையின்ர முறையில, முதல் சொல்லுற வேண்டாம், வேண்டாம் இல்லை."

உப்பு வாளியைக் கீழே வைத்தார். "அப்ப என்ன?"

"மரியாதை."

அவருடைய முகம் கழுத்திலிருந்து சிவக்கத் தொடங்கியது. "நான் காசு குடுக்காமல் ஓடிட்டன் எண்டு நினைக்கிறாரோ?"

நான் சப்பாத்தால் உப்பைத் தள்ளினேன். அதுவே பதிலாகப் போய்விட்டது.

"ஒரு மனுசன் ஒண்டைச் சொன்னால் அதை நம்புறதுதான் மரியாதை," என்றார் வோல்டர். "திரும்பத் திரும்பக் கேட்டால், நீர் பொய் சொல்லுறீர் எண்டு முகத்துக்கு நேர சொல்லுற மாதிரி. எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவை."

இந்தப் பக்கம் இருந்து நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஜோன் பையை மூடிக்கொண்டு போனதும் எங்களை நம்பித்தானோ?

"எத்தினை தரம் கேக்கவேணும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஊரில் ஆர் எண்ணினது? ஆனால் தெரியாது என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. "மூண்டு," என்றேன்.

அடுத்த நாளே வந்துவிட்டார். தலைமுடியை வாரி, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்புவிக்க வந்த பிள்ளை மாதிரி நபீலுக்கு முன்னால் நின்றார். செக் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"நபீல், பிரேக்குக்குக் காசு தரவேணும்."

"விடுங்கோ," என்றார் நபீல், நிமிராமல்.

"இல்லை. தரத்தான் வேணும்."

நபீல் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். கை நெஞ்சுக்குப் போனது. "எங்களுக்குள்ளையோ?"

"நபீல்," என்றார் வோல்டர், "மூண்டாம் தரம் கேக்கிறன்."

என் காதில் அது ஏலம் கூறுகிற மாதிரியே விழுந்தது. ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம். நபீலுடைய கை நெஞ்சிலிருந்து இறங்கியது. அவருடைய பார்வை மெதுவாக என் பக்கம் திரும்பியது. நான் பக்கத்தில் நின்ற காருக்குக் கீழே போய்விட்டேன்.

"வேண்டாம்," என்றார் நபீல்.

"சரி," என்று பெருமூச்சு விட்டார் வோல்டர். கடமை முடிந்த சந்தோசம். செக்கை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நபீலின் சப்பாத்து ரெண்டும் என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"கீழ என்ன செய்யிறாய்?"

"ஒயில் ஒழுகுது, பொஸ்."

"அது புதுக் கார். வெளிய வா."

வந்தேன். வோல்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர்களுக்கு முதல் சொல்லுத்தான் கடைசிச் சொல்லு என்றும், நம்பாமல் திரும்பக் கேட்பது அவர்களிடத்தில் அவமரியாதை என்றும் சொன்னேன்.

நபீல் சீலைத் துண்டை முறுக்கிக்கொண்டே கேட்டார். "அப்ப அண்டைக்கு அவன் என்னை நம்பினானோ?"

"ஓம், பொஸ்."

"இருநூற்றி எண்பது டொலருக்கு நம்பியிருக்கிறான்," என்றார். ஆனால் பெட்டிகளை அவிழ்க்கச் சொல்லவில்லை.

யோகா சொன்னது

ஞாயிற்றுக்கிழமை போன் கார்ட் வாங்கி யோகாவோடு பேசினேன். கதை முழுக்கச் சொல்ல முதல் பாதிக் கார்ட் முடிந்துவிட்டது.

"உங்களை ஆர் நடுவுக்குப் போகச் சொன்னது?"

"நீ வரவேணுமெண்டுதான்."

கார்ட்டில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டாள். பிறகு, "எங்கட கலியாணத்தில உங்கட சித்தப்பா சாப்பிடாமல் எழும்பிப் போனது நினைவிருக்கோ?" என்றாள்.

"ஓம்."

"என்ர அப்பா ஒருக்காத்தான் கூப்பிட்டவராம். அவர் வெள்ளைக்காரனுமில்லை, இவர் அரபியுமில்லை. அதுக்கு என்ன சொல்லுறியள்?"

கார்ட் முடிந்துவிட்டது.

மறுபடியும் நாலு பேரும் ஒரு நாயும்

கிறிஸ்மஸுக்குக் கொஞ்ச நாள் முந்தி வோல்டர் வந்தார். கக்கத்தில் லீஸ் பத்திரம், கையில் மட்டைப்பெட்டி, பின்னால் பிஸ்கட். அன்றைக்கும் அதே ஆட்கள்தான். நபீல் வாடகைச் செக்கை லாச்சியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு, நாங்கள் ரெக்ஸ்டேலுக்குப் போகிறோம் என்று சொல்வதாக முடிவு. காலையில் என்னிடம் சொல்லியும்விட்டார். நான் கோப்பிக் கோப்பையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மோனா அக்கா பாட்ஸ் மேசையில் ஒரு சின்ன மாட்டுக்கொட்டில் வைத்து, அதற்குள் குழந்தை யேசுவைப் படுத்தி, பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தார். வோல்டர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்கள் கிறிஸ்மஸ் கொண்டாடுவியளோ?"

"பெத்லகேம் எங்கை கிடக்குது எண்டு நினைச்சியள்? அஜக்ஸிலயோ?" என்றார் மோனா அக்கா.

வோல்டர் பெட்டியை மேசையில் வைத்தார். "நான்... அரபுக்காரர் எல்லாரும் முஸ்லிம் எண்டு... ரெண்டு வருசமா உங்களுக்கு மட்டும் மெரி கிறிஸ்மஸ் சொல்லாமல் விட்டனான். மனம் நோகும் எண்டு."

"நொந்ததுதான்," என்றார் மோனா அக்கா. "முழுக் கட்டிடத்துக்கும் சொல்லிப்போட்டு எங்கட கதவை மட்டும் தாண்டிப் போனியள்."

நபீல் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தார். செக்கை நீட்டினார். "டிசம்பர் வாடகை. பிந்திப்போச்சு."

வோல்டர் செக்கைப் பார்த்தார். நபீலைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். பிறகு கையைத் தூக்கி நெஞ்சில் வைத்து, தலையைக் கொஞ்சம் சரித்தார். இடது கை. ஆனால் மற்றதெல்லாம் சரி.

"உம்மிட்டைக் காசோ, நபீல்? விடும்."

நபீல் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். முதல் சொல்லை நம்பவேண்டும் என்று அவருக்குச் சொன்னவன் நான்தானே. ஒரு முடிவுக்கு வந்தவராக, வோல்டருடைய மற்றக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நன்றி, வோல்டர்," என்றார். செக்கை மடித்துத் தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

வோல்டர் அப்படியே நின்றார். நெஞ்சில் வைத்த கை நெஞ்சிலேயே இருந்தது.

பிஸ்கட் ஒருவர் முகத்தை விட்டு மற்றவர் முகத்தைப் பார்த்தது. ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது ஒரே வாத்தியார். பிரேக்கோடு வாடகையும் போச்சு, வாடகையோடு யோகாவும் போச்சு என்று நினைத்தேன்.

முதலில் சத்தம் வந்தது மோனா அக்காவிடமிருந்து. பஞ்சுக் கையால் வாயைப் பொத்தினார். முடியவில்லை. பக்கத்தில் கிடந்த ரயரில் இருந்துவிட்டார்.

"வோல்டர், இவர் இன்னும் ரெண்டு தரம் கேப்பார் எண்டோ பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"ஓம்," என்றார் வோல்டர் பரிதாபமாக. "ஜோனோட ரெண்டு நாள் வீட்டில பழகிப் பாத்தனான்."

"நபீல், நீங்கள் ஏன் வாங்கி வைச்சனீங்கள்?"

"முதல் சொல்லை நம்பவேணுமாம். சீவா சொன்னவன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோப்பைக்குள் பார்த்தேன்.

வோல்டர் சிரிக்கத் தொடங்கினதை நான் கண்ணால் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன், ட்ரக் ஸ்ரார்ட் பண்ணுகிற மாதிரி ஒரு சத்தம். நபீல் செக்கை எடுத்து அவருடைய பொக்கற்றுக்குள் திணித்தார். அவர் எடுத்து நபீலுடைய பொக்கற்றுக்குள் திணித்தார். ரெண்டு பெரிய ஆம்பிளைகள், ஒருவருடைய சட்டையை மற்றவர் பிடித்துக்கொண்டு. சண்டை என்று நினைத்துப் பிஸ்கட் குரைத்தது. வோல்டருடைய பொக்கற் பொத்தான் ஒன்று தெறித்து லிஃப்டுக்குக் கீழே ஓடியது. அதோடு வாடகை வோல்டரிடம் தங்கியது.

"பொத்தான் போச்சு," என்றார் வோல்டர் மூச்சு வாங்க.

"இப்ப சரி," என்றார் நபீல்.

பெட்டிக்குள் இருந்தது ஜோன் சுட்ட அப்பிள் பை. வோல்டர் மூடியைத் திறந்து, "சாப்பிடுறீரோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் நபீல், கேள்வி முடிய முதலே. "பெரிய துண்டு."

என்னிடமும் கேட்டார். கனடாவுக்கு வந்து முதல்முறையாக, கேட்டவுடன் ஓம் என்று சொன்னேன். சொன்னபிறகு வெட்கமாக இருந்தது. பை நல்லாயிருந்தது.

லீஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது நபீலுடைய விரலில் அப்பிள் ஒட்டியிருந்தது. ரெக்ஸ்டேல் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வோல்டர் போனபிறகு மட்டைப்பெட்டிகளைக் காலால் தட்டினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? இதையெல்லாம் ஆர் திரும்ப அடுக்கிறது?"

பிறகு

என்னுடைய வேலைக் கடிதத்தை நபீல் எழுதினார். எழுத்துப் பிழைகளை வோல்டர் திருத்தினார். ஒரு முறை எழுதினால் போதுமோ, மூன்று முறை எழுதவேண்டுமோ என்று ரெண்டுபேரும் சேர்ந்து என்னைக் கேட்டார்கள்.

யோகா வசந்தத்தில் வந்து சேர்ந்தாள். வந்த கிழமையே அஜக்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஜோன், "பை சாப்பிடுறீரோ?" என்று யோகாவைக் கேட்டார். யோகா, "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்," என்றாள். ஜோன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஒரு துண்டை வெட்டி யோகாவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டார்.

"நல்ல மனுசி," என்றாள் யோகா வருகிற வழியில்.

பிரேக் காசை வோல்டர் மறக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் செக் எழுதிக்கொண்டு வருவார். நபீல் நெஞ்சில் கை வைப்பார். பொக்கற்றுக்குப் பொக்கற் இழுபறி நடக்கும். ஒவ்வொரு வருசமும் வோல்டர்தான் களைத்துப்போய்ச் செக்கைத் திருப்பிக் கொண்டுபோவார். போகும்போது தவறாமல், "மெரி கிறிஸ்மஸ்," என்பார்.

வோல்டர் இப்போது இல்லை. நபீல் கராஜை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறார். இதை எழுத முதல் அவரைப் போய்ப் பார்த்தேன். மோனா அக்கா கோப்பி ஊற்றினார். அந்தப் பிரேக் காசை உண்மையிலேயே வாங்கக்கூடாது என்றுதான் இருந்தீங்களோ, பொஸ், என்று கேட்டேன்.

நபீல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கடைசி முறை வந்தபோது இன்னும் ஒருக்காக் கேட்டிருந்தால் வாங்கியிருப்பன்," என்றார்.

கணக்கு அப்படியே நிற்கிறது. இருநூற்றி எண்பது டொலர்.